ராகுகாலத்தில் கிடைத்த ஜப்பான்

போன வருடத்துக்கு முந்தின கார்த்திகையில், ஒரு புதன்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி தாண்டி இரண்டு நிமிடத்தில், என் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். என்னைப்போலவே சந்நிதியானை, எங்கள் ஊர்ச் சந்நிதிக் கோயில் முருகனை, நம்பி இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

எங்கள் வீடு தொண்டைமானாற்றில். அப்பா கடற்றொழில் செய்கிறவர். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் மீன்பிடித்துறை படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிவதற்கு முன் ஆறு மாதம் எங்காவது தொழிற்பயிற்சி செய்தாக வேண்டும். ஜப்பானில் கடலோர ஊர் ஒன்றில் மீன்குஞ்சு பொரிக்கும் நிலையம் இருந்தது. வெளிநாட்டு மாணவர்கள் மூன்று பேரைப் பயிற்சிக்கு எடுப்பதாக அறிவித்திருந்தார்கள். அறிவித்தலைப் பார்த்த நிமிடமே நான் அங்கே போய் இறங்கிவிட்டேன், மனதால். எனக்கு இங்கே உள்ளூரில் கிடைத்திருந்த பயிற்சி இடத்தை உடுப்பிட்டியில் இருக்கும் என் சிநேகிதி தர்சிகாவுக்கு விட்டுக்கொடுத்தேன். அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அந்தப் புதன்கிழமை, மாலை ஐந்து மணி. விரிவுரையாளரின் சிபாரிசுக் கடிதம் அன்று காலையில்தான் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் சரிபார்த்து, அனுப்புகிற பொத்தானில் கை வைத்தபோது மத்தியானம் பன்னிரண்டு மணி.

"பொறு பிள்ளை," என்றார் அப்பா. கண் சுவரிலிருந்த நாட்காட்டியில் இருந்தது. "ராகுகாலம் துடங்கியிட்டுது. ஒண்டரைக்குப் பிறகு அனுப்பு."

அப்பா புது வலை இறக்குவதற்கும் நேரம் பார்ப்பார், தலைமயிர் வெட்டுவதற்கும் நேரம் பார்ப்பார். நாங்கள் அப்படியே வளர்ந்த பிள்ளைகள். ஐந்து மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கிறதே என்று நானும் பொறுத்தேன். சோறு சாப்பிட்டேன். ஒன்றரை தாண்டியதும் சாமிப் படத்துக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

விண்ணப்ப காலம் முடிந்துவிட்டது என்று வந்தது.

திரும்பத் திரும்ப அழுத்தினேன். அதே வசனம். பிறகுதான் அறிவித்தலை ஒழுங்காக வாசித்தேன். ஐந்து மணி என்பதற்குக் கீழே ஜப்பான் நேரம் என்று சின்னதாகப் போட்டிருந்தது. எங்களைவிட அவர்கள் மூன்றரை மணித்தியாலம் முந்தி. அங்கே ஐந்து அடிக்கும்போது இங்கே ஒன்றரை. ராகுகாலம் முடிந்த அதே நேரத்தில் அவர்களும் கதவைப் பூட்டிவிட்டார்கள்.

வாசிக்காமல் விட்டது என் பிழை. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குத் தெரிய வேண்டுமே. "உங்கடை நாட்காட்டியைக் கழட்டி அடுப்புக்குள்ள போடுங்கோ!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் முகம் பார்க்கவில்லை.

ஜப்பானும் இல்லை, உள்ளூர் இடமும் இல்லை. பயிற்சி இல்லாவிட்டால் என் வகுப்போடு நான் பட்டம் பெற முடியாது. ஒரு வருடம் பின்னுக்குப் போய்விடுவேன். தர்சிகாவிடம் அழுதேன். அவள் சொன்ன யோசனை இது: "கரண்ட் போட்டுது எண்டு எழுதடி. கார்த்திகை மழையில ஆர் இல்லையெண்டு சொல்லப்போகினம்?" எனக்கும் அது நல்லதாகவே பட்டது. மின்சாரத்தை நிறுத்தி, மரத்தை முறித்து, ரோட்டில் விழுத்தி ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்தேன். அனுப்புவதற்கு முன் வெள்ளிக்கிழமை சந்நிதிக்குப் போனேன்.

கும்பிடப் போகவில்லை. சண்டை பிடிக்கத்தான் போனேன். உன்னை நம்பின வீட்டுக்கு இதுதானா என்று கேட்கப் போனேன். சந்நிதியில் பூசை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு சொல் இல்லாமல் பூசை செய்வார். எத்தனையோ தரம் பார்த்ததுதான். அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க, மூன்று நாளாக நான் பேசின பேச்செல்லாம் எனக்கே கேட்டது. அப்பாவின் முகம் வந்தது. கைப்பைக்குள் இருந்த தொலைபேசியில் அந்தப் பொய் கிடந்தது. என் வாயும் அடைத்துவிட்டது. "முருகா, எனக்கு ஒரு வழி விடு. பொய் சொல்லாமல் போகிற வழியாக விடு" என்று மட்டும் கேட்டேன். கண்ணீர் வழிந்தது. ஆனால் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியிருந்தது.

கோயில் வீதியில் இருந்தபடியே அந்த மின்னஞ்சலை அழித்தேன். உண்மையை எழுதினேன். எங்கள் ஊரில் நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் நல்ல காரியம் தொடங்க மாட்டோம், அதற்காகக் காத்திருந்தேன், உங்கள் நேரத்தைக் கவனிக்கவில்லை, பிழை என்னுடையது, மன்னியுங்கள். விண்ணப்பத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. பயிற்சிக்குப் பொறுப்பான அம்மையார் எழுதியிருந்தார். விதியை மாற்ற முடியாது, ஆனால் உங்கள் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் கடைசியாகச் சேர்த்திருக்கிறேன் என்று. நாள் பார்க்கிற பழக்கம் தன் தாயாருக்கும் இருந்தது என்றும் ஒரு வரி.

கடைசிப் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு மார்கழி முழுவதும் வெள்ளிக்கிழமை தவறாமல் சந்நிதிக்குப் போனேன், அன்னதானத்துக்குக் கைகொடுப்பதாக நேர்ந்தும் கொண்டேன். தை பிறந்தது. பொங்கல் கழிந்த கையோடு அடுத்த கடிதம் வந்தது. தெரிவான ஒருவர் விலகிவிட்டார், பட்டியலில் இருப்பவர்களை நேர்முகத்துக்கு அழைக்கிறோம். எனக்குத் தந்த நேரம் புதன்கிழமை, ஜப்பானில் பின்னேரம் நான்கு மணி. இந்த முறை விரல் விட்டு எண்ணினேன். இங்கே மத்தியானம் பன்னிரண்டரை.

ராகுகாலத்தின் நட்டநடு!

தொலைபேசியைக் கொண்டுபோய் அப்பாவின் முன்னால் நீட்டினேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. அதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"ஓம் எண்டு எழுது," என்றார்.

"அப்பா, அது ராகுகாலம்..."

"எனக்குத் தெரியாதே? நான் அந்த நேரம் சந்நிதியில நிப்பன். நீ கதை."

"நான் அண்டைக்கு அப்பிடிக் கத்தியிருக்கக்கூடாதப்பா."

"அதை விடு பிள்ளை. என்ரை பயத்தை உன்ரை தலையில கட்டிப்போட்டன்."

நேர்முகத்தன்று அப்பா பதினொன்றரைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரையில் மூன்று பேர். முதல் கேள்வியே, இப்போது உங்கள் ஊரில் என்ன நேரம் என்று அந்த அம்மையார் சிரித்தபடி கேட்டார். நீங்கள் நினைக்கிற அதே நேரம்தான் என்றேன். பிறகு ஏன் சம்மதித்தீர்கள் என்றார். "அப்பா இப்போது கோயிலில் நிற்கிறார். அந்தப் பக்கத்தை அவர் பார்த்துக்கொள்வார்" என்றேன். மூவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு எங்கள் ஆற்றைப் பற்றிக் கேட்டார்கள். மழைக்கு அணைக்கதவு திறக்க எங்கள் ஆற்றில் உப்பு எப்படிக் குறையும், இறால் எப்போது வரும், அப்பா தண்ணீரை வாயில் வைத்தே எப்படிச் சொல்லுவார் என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்குள் இவ்வளவு கிடந்தது எனக்கே தெரியாது.

அடுத்த நாள் விடியக் கடிதம் வந்தது. என்னைத் தெரிவு செய்துவிட்டார்கள்! முற்றத்தில் துள்ளினேன். அம்மா சந்நிதிப் பக்கம் திரும்பிக் கைகூப்பினா. அப்பா திரும்பிநின்று மூக்கைச் சிந்தினார், தடிமன் என்று சொல்லிக்கொண்டு.

ஆறு மாதம் அங்கே இருந்தேன். குஞ்சுகளுக்குத் தீன் போட்டேன், தொட்டி கழுவினேன், தண்ணீரின் சூடு பார்த்துக் குறித்தேன். குளிரில் கை விறைத்தது. ஆனாலும் ஒரு நாளும் ஏன் வந்தேன் என்று நினைக்கவில்லை. திரும்பி வந்து என் வகுப்போடே பட்டம் பெற்றேன். நேர்ந்துகொண்டபடி நானும் அம்மாவும் சந்நிதி மடம் ஒன்றில் அன்னதானத்துக்கு விடியவிடிய மரக்கறி வெட்டினோம். இன்று இறால் குஞ்சு வளர்க்கிற இடமொன்றில் வேலை செய்கிறேன். எங்கள் ஆற்றுக்குப் பக்கத்திலேயே.

எங்கள் சுவரில் நாட்காட்டி இன்னும் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு மணிக்கூடு. நான் அங்கே நித்திரையா வேலையா என்று பார்க்க அப்பா வாங்கி ஜப்பான் நேரத்துக்கு வைத்தது. நான் வந்த பிறகும் மாற்ற விடவில்லை.

போன மாதம் நெல்லியடியிலிருந்து பல்கலைக்கழகத் தங்கச்சி ஒருத்தி வந்தாள். வெளிநாட்டுப் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுத உதவி கேட்டு. எழுதி முடித்தோம். அவள் நாட்காட்டியை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, இப்ப நேரம் சரியில்லைப் போல..." என்று இழுத்தாள்.

முற்றத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"சந்நிதியானை நினைச்சுக்கொண்டு இப்பவே அனுப்பு பிள்ளை. அவன்ரை கதவுக்கு நேரம் காலமில்லை!"

அடியார்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு கதவு பூட்டிக் கிடக்கலாம். போய் அவனிடம் சண்டையென்றாலும் பிடியுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். எனக்குத் திறந்தவன் உங்களுக்கும் திறப்பான். அந்தத் தங்கச்சி அப்போதே பொத்தானை அழுத்தினாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. முருகா!