எங்களுக்காக மாறிய பேச்சு

லிஸ்பனில் போர்த்துகீசு படிக்க வந்திருக்கிறேன். கோட்டைக்குக் கீழே ஒரு பழைய தெருவின் ரொட்டிக் கடையில், வகுப்பில் படித்த வாக்கியத்தை இன்று தப்பில்லாமல் சொன்னேன். கடைக்கார அம்மாள் சிரித்தபடி ஆங்கிலத்தில் பதில் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த கணமே மத்திகிரிக் குழாயடி நினைவுக்கு வந்தது.

அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சிவகங்கையிலிருந்து வந்து, ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வாடகைக்கு இருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். குழாயடியில் பெண்கள் ஈரக் குடங்களுக்கு நடுவே தெலுங்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மா போய் நின்றதும் பாதிப் பேச்சிலேயே தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

"நாமளும் கத்துக்கலாம்லம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதான் அவுகளுக்குத் தமிழ் தெரியுதுல்ல," என்றாள் அம்மா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளிப் படிப்பு முடியும்வரை அங்கேயே இருந்தும் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு நாகம்மாவின் புருஷன் இறந்த அன்று அம்மாவோடு நானும் போனேன். ஊதுபத்திப் புகைக்குள் நாகம்மா அவர் மார்பில் தலையை வைத்து, தெலுங்கில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். அம்மா நாகம்மாவின் கையைப் பிடித்தாள். நாகம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்துகூட நல்லாத்தாங்க்கா சாப்ட்டாரு," என்று தமிழில் அழத் தொடங்கினார்.

ரொட்டியை வாங்கிக்கொண்டு, கடைக்கார அம்மாளின் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன். நாங்கள் உள்ளே போகும்வரை நாகம்மா தன் புருஷனிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது.