குமிழி விடாத தனபால்

கடலடி வேலையின் முதல் நாளே சூப்பர்வைசர் சொன்னது ஒன்றுதான். அவர் தூத்துக்குடிக்காரர். "எலே, சிலிண்டர் மாட்டிக்கிட்டு மேல வரும்போது மூச்சப் புடிக்கவே கூடாது. அடியில இழுத்த காத்து ஏற ஏறப் பெருசாயி நெஞ்சு வெடிச்சிரும். விட்டுக்கிட்டே வரணும்."

நானும் தனபாலும் தலையாட்டினோம். இருவரும் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து முசரவாக்கம். கிணற்றடியில் பம்புசெட்டுக் குழாயின் முனையில் இருக்கும் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். மேலேயே மூச்சைக் கட்டிக்கொண்டு கிணற்றின் அடிவரை போய், வாயைத் திறக்காமல் வெளியே வருவோம். நடுவில் குமிழி கிளம்பினால் ஆள் தண்ணீர் குடிக்கிறான் என்று அர்த்தம். மேலே நிற்பவர் கயிற்றை வீசிவிடுவார். இந்தத் திறமையை நம்பித்தான் எழுபதுகளில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்களை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோனது. தலையாட்டுவது சுலபம். உடம்பு கேட்க வேண்டுமே.

கடலடியில் குழாய் போட வழி பார்ப்பது வேலை. பாறைகளுக்கு நடுவே கடற்புல், தூர் கட்டிய நெல்வயல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். அது பிய்ந்தால் மறுபடி வளர ஆண்டுக்கணக்காகும் என்பதால் பாறை ஓரமாகவே அளவு டேப் பிடித்துப் போனோம். ஒரு பொந்துக்குள் தனபால் தலையை விட்டான். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரின் குழாய் பாறைமுனையில் மாட்டி, ரெகுலேட்டர் வாயிலிருந்து கழன்றுவிட்டது.

அதை எடுத்து மறுபடி வாயில் வைத்திருக்கலாம். தனபால் வாயை இறுக மூடி, காலை உதைத்து நேராக மேலே கிளம்பினான். அண்ணாந்து பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. ஊரில் அவன் மனைவி அஞ்சலை மாசமாக இருந்தாள். நான் மூச்சை விட்டுக்கொண்டே துரத்தி, அவன் காலைப் பிடித்து இழுத்து, வயிற்றில் ஒரு குத்து விட்டேன். வாய் திறந்தது. குமிழி கொத்தாகப் போயிற்று.

படகில் ஏறியதும் முறைத்தான். "எதுக்குபா குத்துன? நல்லாத்தானே வந்துக்கினு இருந்தேன்?"

"அவன் குத்தலைன்னா உன்னையப் பெட்டியில வச்சுத்தாம்ல ஊருக்கு அனுப்பிருப்பேன்" என்றார் சூப்பர்வைசர். தனபால் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த விடுமுறையில் அவன் கிணற்றிலேயே ஃபுட்வால்வு அடைத்தது. இறங்கினான். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் குமிழி கொப்பளித்தது. அஞ்சலை கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்கு ஓடினாள். "ஐயோ அண்ணா, தண்ணி குடிக்கிறாரு."

"ஒண்ணுமில்லமா, இரு" என்றேன். தனபால் காற்றை ஊதிக்கொண்டே தலையை வெளியே நீட்டினான்.

"கெணத்துல எதுக்குடா விட்டுக்கினு வர?"

"தெரியலபா. அதுவா வருது."

அதற்குப் பிறகுதான் நான் அவனோடு பயமில்லாமல் கடலில் இறங்கினேன். நான் பழக்கிவிடும் புது ஆட்களிடம் புரிந்ததா என்று கேட்பதில்லை. எல்லாரும் தலையாட்டுவார்கள். தண்ணீருக்கடியில் ரெகுலேட்டரைப் பிடுங்கிவிட்டு, மேலே ஏறும்போது குமிழி வருகிறதா என்று பார்ப்பேன்.