முப்பத்தொன்றாம் நம்பருக்கு நான் போட்ட புள்ளி

1. காணாத விளையாட்டு

சுவிஸில் டீட்டிகோன் ஸ்டேசனுக்குப் பின்னால், கீழே ஒரு பல் வைத்தியரும் நடுவில் ஒரு சாரதிப் பயிற்சிப் பள்ளியும் இருக்கும் கட்டடத்தில், இரண்டாம் மாடி எங்கள் அலுவலகம். முதல் நாள் முதலாளி ரவி அண்ணை என்னை ஒரு திரைக்கு முன்னால் இருத்திவிட்டு ஒரு ஆட்டத்தை ஓடவிட்டார். முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். கையில்லாத பெனியன் போட்ட பொடியன்கள் பந்தைக் காலால் அடிக்கிறார்கள், கையால் குத்துகிறார்கள், ஒருவன் முதுகில் ஒருவன் ஏறி அந்தரத்தில் பிடிக்கிறார்கள். சண்டையா விளையாட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"இது என்ன அண்ணை?"

"அவுஸ்திரேலியன் புட்போல். நீர் விளையாடத் தேவையில்லை. பாத்து எழுதினால் காணும்."

வேலை இதுதான். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் ஆட்டங்கள் மெல்பேர்னில் சனிக்கிழமை பின்னேரம் முடியும்போது எங்களுக்குக் காலை எட்டு மணி. வீடியோ வந்து சேரும். நாங்கள் ஐந்து பேர் பகல் முழுக்க இருந்து, யார் பந்தைத் தொட்டாலும் ஒரு விசையை அமத்துவோம். காலால் அடித்தால் கிக், கையால் குத்திக் கொடுத்தால் ஹேண்ட்போல், காலால் அடித்த பந்தை நிலத்தில் படாமல் பிடித்தால் மார்க். பிறகு அந்தச் செயலுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. மெல்பேர்னில் எண்களை வாங்குகிறவர்கள் தூங்கி எழும்பும்போது அவை அவர்களுடைய மேசையில் இருக்கும்.

ரவி அண்ணை என்னை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒன்பது வருடம் நான் ஒரு பெரிய களஞ்சியத்தில் ரெத்தூரன் பகுதியில் நின்றவள். ஆட்கள் வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்பும் உடுப்புகளைப் பிரித்து, மணந்து, தையலைப் பார்த்து, ஏ தரமா பி தரமா என்று போடுகிற இடம் அது. களஞ்சியம் வேறு ஊருக்குப் போனதும் எனக்கு வேலை போனது. "தரம் பிரிக்கத் தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும். மிச்சம் பழகலாம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2. நிரூபனின் கேள்வி

எங்கள் எண்களை வாங்குவது மெல்பேர்னில் ஒரு கிளப். அங்கே எங்களோடு கதைக்கிறவர் நிரூபன். ரவி அண்ணையின் பள்ளித் தோழருடைய மகன், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. முப்பது வயது இருக்கும். என்னை அன்ரி என்பார். தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பார்.

டிராஃப்ட் என்றால் என்ன என்று எனக்கு விளங்கப்படுத்தியவரும் அவர்தான். வருட முடிவில் கிளப்புகள் எல்லாம் கூடி, முறை வைத்து, பதினெட்டு வயதுக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கும். ஒரு முறைக்கு ஒரு பிக் என்று பெயர். இந்த வருடத்துப் பிக்கை வேறொரு கிளப்புக்குக் கொடுத்து அடுத்த வருடத்துப் பிக்கை வாங்கவும் முடியும். ஆகவே எந்த வருடத்துப் பொடியன்கள் திறம், எந்த வருடம் மட்டம் என்று தெரிவது அவர்களுக்குப் பெரிய விசயம்.

என் இரண்டாவது பருவத்தின் நடுவில் நிரூபன் அதைத்தான் கேட்டார். "அன்ரி, போன வருசத்தையும் இந்த வருசத்தையும் கொம்பேயர் பண்ணித் தாங்கோ. எங்கட ஷெஃப் கேக்கிறார்." முதலாளிக்கு இந்த ஊரில் சொல்லும் ஷெஃப் என்ற சொல்லை எங்களிடம் பழகிவிட்டார்.

இரண்டு வருடத்து எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வித்தியாசம் கண்ணைக் குத்தியது. போன வருடம் சராசரி நாலை நெருங்கியது. இந்த வருடம் மூன்றைத் தாண்டவே மூச்சு வாங்கியது. "இந்த வருடம் மட்டம்" என்று அறிக்கை எழுதினோம். எழுதியது நான். ரவி அண்ணை ஆங்கிலத்தைத் திருத்தினார்.

அதில் முப்பத்தொன்றாம் நம்பர் என்று ஒரு பொடியன். இடது காலன், ஆள் சின்னன். போன வருடம் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. பத்தொன்பது வயதில் இன்னொரு தரம் அதே லீக்கில் விளையாடுகிறான். அப்படி விளையாடலாம், ஆனால் அதற்கு மேல் கிளப்புகள் திரும்பிப் பார்ப்பது மிக அரிது. அவனுக்கு நேரே ஒரு குறிப்பு எழுதினேன். "முன்னேற்றம் இல்லை. போன வருடத்தை விடப் பின்னடைவு."

நிரூபன் அடுத்த கிழமை சொன்னார். "தாங்ஸ் அன்ரி. அவனை எங்கட டிராஃப்ட் லிஸ்டிலை இருந்து வெட்டியாச்சு."

நல்ல வேலை செய்தேன் என்று நினைத்து அன்றைக்கு எல்லாருக்கும் கோப்பி போட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

3. இதுக்கு ஆர் நாலு போட்டது?

ஆவணி மாதம் ஜெயராணி புதிதாகச் சேர்ந்தாள். மட்டக்களப்புப் பிள்ளை, பேர்ணில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்து முதுகு நொந்து அந்த வேலையை விட்டவள். அங்கேயுள்ள பூம்ப்ளிஸிலிருந்து ரயில் பிடித்து வருவாள். அவளைப் பழக்கும் பொறுப்பு எனக்கு. போன வருடத்து ஆட்டம் ஒன்றைக் கொடுத்து, "பழைய புள்ளியைப் பாக்காமல் நீர் போடும், பிறகு ஒப்பிட்டுப் பாப்பம்" என்றேன். அதற்கு முன் இரண்டு நாள் பக்கத்தில் இருந்து, எதற்கு எத்தனை போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

பின்னேரம் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, எனக்கு இந்த வேலை சரிவராது போல. எல்லாம் பிழையாக் கிடக்கு. நான் ரெண்டு போட்ட இடத்தில பழைய ஆள் நாலு போட்டிருக்கு."

"எங்கை, காட்டும் பாப்பம்."

காட்டினாள். ஒரு பொடியன் தனியாக நிற்கிறான், சுற்றிவர யாரும் இல்லை. பந்து நேரே நெஞ்சுக்கு வருகிறது, பிடிக்கிறான். சும்மா மார்க். யாரும் பிடிப்பார்கள்.

"நீர் போட்டதுதான் சரி. இதுக்கு ஆர் நாலு போட்டது?"

ஜெயராணி திரையின் மூலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அங்கே என் முதலெழுத்து இருந்தது.

அடுத்த வீடியோத் துண்டு, அதற்கடுத்தது என்று பார்த்துக்கொண்டே போனேன். முதல் வருடம் எனக்கு இந்த விளையாட்டே தெரியாது. பந்து உயரத்திலிருந்து வர ஒருவன் பிடித்தால், கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு அது எல்லைக்கோட்டில் பிடித்த கட்ச் மாதிரி. நாலு, ஐந்து என்று வாரி வழங்கியிருக்கிறேன். ஹேண்ட்போல் என்றால் கைமாற்றிக் கொடுப்பதுதானே என்று ஏனோதானோவென்று இரண்டு. இரண்டாவது பருவத்தில் எனக்கு விளையாட்டு விளங்கிவிட்டது. கையும் இறுகிவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த மற்ற நாலு பேருக்கும் அதே கதைதான். எல்லாரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே கிரிக்கெட் பார்த்தவர்கள்.

பொடியன்கள் மட்டமாகவில்லை. நாங்கள் கஞ்சர்களாகிவிட்டோம்.

4. ரவி அண்ணையின் கோபம்

ரவி அண்ணையிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சாந்தி, நீர் என்ன கதைக்கிறீர்? அறிக்கை போய் ஒரு மாதம். இப்ப நாங்கள் பிழை விட்டிட்டம் எண்டு சொன்னால் அடுத்த வருசம் ஆர் எங்களை நம்புவினம்? ஆறு குடும்பம் இதிலை நிக்குது."

"அண்ணை, எங்களுக்கு அடுத்த வருசம் இருக்கு. அந்தப் பொடியனுக்கு இல்லை."

"ஆர் பொடியன்?"

"முப்பத்தொண்டு."

"உமக்கு அவனைத் தெரியுமோ? அவன்ர பெயராவது தெரியுமோ?"

தெரியாது. எங்களுக்கு வருவது நம்பர்தான். ஆனால் இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனைப் பார்க்கிறேன். அடிக்கு முன் காற்சட்டையை மேலே இழுப்பான். அடிவாங்கி விழுந்தால் முதலில் பந்து எங்கே என்று தேடுவான்.

சொல்ல வேண்டாம் என்று நினைத்ததையும் சொன்னேன். "அண்ணை, நான் இந்த நாட்டுக்கு வந்த புதிசிலை, என்னைக் கண்டிராத ஒரு ஆள் என்ரை அகதிக் கேஸ் தாளிலை எனக்கு எதிரா ஒரு வரி எழுதினவர். அதை மாத்த எனக்கு நாலு வருசம் எடுத்தது. உங்களுக்கும் அப்பிடித்தானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தொலைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டார். "நிரூபனுக்கு நீரே சொல்லும். நான் பக்கத்திலை இருக்கிறன்."

நிரூபன் முதலில் சிரித்தார், பிறகு சத்தம் போட்டார். கொஞ்ச நேரம் ஆங்கிலம் மட்டும்தான் வந்தது. கடைசியில் கேட்டார். "அப்ப இந்த வருசம் மட்டமோ இல்லையோ, அன்ரி?"

"தெரியாது தம்பி. நான் அளந்த கோல்தான் பிழை. பத்து நாள் தாங்கோ."

5. பத்து நாள்

ரவி அண்ணை இரண்டு வருடத்து ஆட்டங்களிலிருந்தும் துண்டுகளை வெட்டி, திகதியையும் ஸ்கோரையும் மறைத்து, ஒன்றாகக் கலந்துவிட்டார். எது எந்த வருடம் என்று அவருக்கு மட்டும் தெரியும். நாங்கள் ஆறு பேரும் ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகப் புள்ளி போட வேண்டும். பக்கத்து ஆளிடம் கேட்கக் கூடாது, பவுசேயில், இடைவேளையில் கூட, அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. சாப்பாட்டு மேசையில் எல்லாரும் மிக்சரைக் கொறித்துக்கொண்டு காலநிலையைப் பற்றிக் கதைத்தோம். ஜெயராணிக்குத்தான் சிரிப்பு அடக்க முடியவில்லை. "பரீட்சை மண்டபம் மாதிரிக் கிடக்குக்கா" என்றாள்.

பத்தாம் நாள் ரவி அண்ணை பிரித்துப் பார்த்தார். இரண்டு வருடமும் கிட்டத்தட்ட ஒரே உயரம். எந்த வருடமும் மட்டம் இல்லை.

முப்பத்தொன்று? போன வருடத்தை விட இந்த வருடம் கூட. நான் இரண்டு பருவமும் அலட்சியமாக இரண்டு போட்டுத் தள்ளிய அந்த ஹேண்ட்போல்தான் அவனுடைய பலம். மூன்று பேர் அமத்திப் பிடித்திருக்க, கையை மட்டும் வெளியே எடுத்துச் சரியான ஆளுக்குக் குத்திக் கொடுக்கிறான். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை.

திருத்திய அறிக்கையை அனுப்பினோம். அவனுக்கு நேரே எழுதிய பழைய குறிப்பை அழிக்கவில்லை. "இது பிழை. எழுதியவர் விளையாட்டைப் பழகிக்கொண்டிருந்தார்" என்று அதற்குக் கீழே எழுதி என் பெயரைப் போட்டேன். நிரூபன் ஒரே ஒரு வரி பதில் போட்டார். "லிஸ்டிலை திரும்பப் போட்டாச்சு. கடைசியிலை."

6. டிராஃப்ட்

அவர்களுக்கு இரவு, எங்களுக்குக் காலை ஒன்பது மணி. சாதாரணமாக யாரும் பார்ப்பதில்லை. அன்று எல்லாரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவனுடைய பெயரை நிரூபனிடம் முந்தின நாள்தான் கேட்டு எழுதி வைத்திருந்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். முறைகள் குறைந்துகொண்டே வந்தன. எங்கள் கிளப்புக்கு இன்னும் ஒரு முறை மிச்சம்.

அதற்கு முந்திய முறையில், வேறொரு கிளப் அவன் பெயரைச் சொன்னது.

ஜெயராணி போட்ட சத்தத்தில் கீழே இருந்து சாரதிப் பயிற்சிக்காரர் ஏறி வந்து என்ன நடந்தது என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் நிரூபன் தொலைபேசி எடுத்தார்.

"போச்சு அன்ரி. அடுத்தது எங்கட முறை. அவன்ரை பெயரை எழுதிக் கையிலை வைச்சிருந்தனாங்கள்."

"ஆர் எடுத்தால் என்ன தம்பி, அவன் விளையாடப் போறான். அந்தக் கிளப் ஆரிட்டை எண் வாங்கிறது?"

"அவையள் ஒருத்தரிட்டையும் வாங்கிறேல்லை. அவையின்ரை ஆள் ஒருத்தர் ரெண்டு வருசமா அவன்ரை ஒவ்வொரு மட்சுக்கும் போய் நிண்டவராம். மழைக்குள்ளையும்."

சந்தோசத்தோடு சேர்த்து அது என்னை நன்றாகவே சுட்டது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமைகளில் ரவி அண்ணை பழைய துண்டுகள் சிலவற்றைச் சொல்லாமல் கலந்துவிடுவார். பழைய புள்ளிக்கும் புதுப் புள்ளிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்த்த பிறகுதான் வருடங்களை ஒப்பிடுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு இது தொல்லையாகத்தான் இருக்கும். செய்யுங்கள். ஒரு பிள்ளை பின்னுக்குப் போய்விட்டான் என்று எழுத முன், அசைந்தது அவனா நீங்களா என்று பாருங்கள்.

நான் அதைப் பார்க்காமல்தான் எழுதினேன். கடைசியில் அவன் தப்பியது மழைக்குள் நின்ற ஒருவரால். என்னால் அல்ல.