கைப்பிடி இல்லாத அரம்

இபுராகிம் பாயின் மனைவி ராபியா அக்காவின் போன் வந்தபோது பட்டறையில் வைஸின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். காலை ஒன்பது மணிகூட ஆகியிருக்காது. "தம்பி, அவுக மௌத்தாயிட்டாக. டீ குடிச்சாக, மெஷினுக்கு எண்ணெய் விட்டாக, அப்படியே செவத்துல சாஞ்சாக. அம்புட்டுத்தான். அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம், வந்துருங்க" என்றார். வைஸில் இறுக்கியிருந்த பித்தளைத் துண்டைக் கழற்றாமலே திருக்கோகர்ணம் பஸ் ஏறினேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, இபுராகிம் பாயுடன் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் என் தோளில் கை வைத்து, "பாவம், இனிமேயாச்சும் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். அந்த இடத்தில் சண்டை போடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே எழுதுகிறேன். அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். அந்த மனிதர் கடைசி ஏழு வருடமும் சண்டை போட்டது ரெஸ்ட் என்கிற இந்த ஒரு வார்த்தையோடுதான். அவர் செத்த அன்றைக்கே அதைத் தூக்கி அவர் மேல் போர்த்தாதீர்கள்.

கட்டுமாவடிக்காரர். வளைகுடாவில் பல வருடம் ஃபிட்டர். ஊர் திரும்பி, புதுக்கோட்டையில் நான் இருக்கும் பட்டறையிலேயே சேர்ந்தார். எனக்கு அடுத்த வைஸ் அவருடையது. பெரிய பலகாரக் கடைகளுக்கு முள்ளு முறுக்கு அச்சுத் தட்டு செய்வது அவர் வேலை. பித்தளைத் தட்டில் நட்சத்திர ஓட்டையை முக்கோண அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி எடுக்க வேண்டும். ஐந்து முனையும் ஒரே அளவில் கூர்மையாக இருந்தால்தான் முறுக்கில் முள் நிற்கும். ஒரு முனை மழுங்கினாலும் மாவு காட்டிக்கொடுத்துவிடும். "நம்ம வேலைய இன்ஸ்பெக்டர் பாக்க வேணாம் மாப்ள, எண்ணெய்ச் சட்டி பாத்துக்கும்" என்பார். எனக்கும் அவருக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். கடைசிவரை நான் அவருக்கு மாப்பிள்ளைதான்.

பிறகு அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. டீ கிளாஸில் தெரிந்தது, சட்டைப் பொத்தானில் தெரிந்தது, கடைசியில் அரத்திலும் தெரிந்தது. குளத்தூரில் முறுக்குத் தொழில் செய்யும் ஓர் அம்மா தட்டுகளைத் திருப்பி அனுப்பினார். ஒரு பக்கம் முள்ளே இல்லை என்றார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். எங்கள் தொழிலில் ஒருவருக்கு அரம் சமமாக ஓடவில்லையென்றால் "கை போயிருச்சு" என்போம். அதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். அவருக்கும் வேலை இருக்காது.

"பாய்க்குக் கை போயிருச்சுங்க" என்று சொன்னவன் நான்.

இதை இதுவரை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அடுத்த வாரம் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, "நல்லா ரெஸ்ட் எடுங்க பாய்" என்று அனுப்பிவைத்தோம். நானும் கை தட்டினேன்.

பத்து நாள் கழித்து, மனசு உறுத்தவே அவர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் பழைய மாவு கிரைண்டரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உடைசல் கடையில் வாங்கிய ஒரு பைக்கின் முன் ஃபோர்க். பொன்னாடையால் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்கு முகம் செத்துவிட்டது.

"இங்கிட்டு வா மாப்ள. கை எதுக்கு வேணும் சொல்லு? அரத்தைப் பிடிக்க. அதை இந்த ஃபோர்க்கு பிடிச்சுக்கிரும். தகட்டைப் பிடிக்க இந்தக் கை போதும். நடுங்குனா நடுங்கட்டும், மேசை தாங்கும்ல?"

அவர் மனசில் இருந்தது அரம் போடும் ஒரு சின்ன மெஷின். கிரைண்டர் மோட்டார் ஒரு சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தில் மாட்டிய தண்டு, ஃபோர்க் குழாய்க்குள் ஆடாமல் மேலும் கீழும் போய்வரும். தண்டின் தலையில் அரம். மேசை நடுவே ஒரு துளை, அதன் வழியாக அரம் நிமிர்ந்து நிற்கும். தகட்டை மேசைமேல் வைத்து அரத்தை நோக்கி நகர்த்தினால் போதும். கேட்க எளிதுதான். அவர் கோடு போடுவார், நான் அறுப்பேன். அவர் சொல்லச்சொல்ல நான் துளை போடுவேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போனேன். பிராயச்சித்தம் என்று நினைத்துத்தான் போனேன். அது அவருக்குத் தெரியாது என்றும் நினைத்தேன்.

மெஷின் ஓடியது. வேலைதான் நடக்கவில்லை. அரம் மேலே வரும்போதெல்லாம் தகடும் கூடவே துள்ளியது. டக டக டக என்று மேசையில் அடித்துக்கொண்டது. அவருடைய நடுக்கத்தைவிட மெஷினின் நடுக்கம் மோசம். மோட்டார் வேகத்தைக் குறைத்தோம், தண்டை மாற்றினோம், அரத்தை மாற்றினோம். ஒரு நாள் தகடு துள்ளி அவர் பெருவிரலைக் கிழித்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "விட்ருங்க பாய், ஒங்களுக்கு ரெஸ்ட்..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பேச்ச எடுத்தா வெளிய போயிரு" என்றார். விரலில் துணி சுற்றியபடியே சொன்னார்.

ராபியா அக்கா வீட்டிலேயே தையல் தைப்பவர். வாசல் அறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து எங்கள் மெஷினைப் பார்த்தார். "ஏங்க, எங்க மெஷின்லயும் ஊசி மேல வாரப்பதான் துணி கூடவே வரப் பாக்கும். குத்துறது கீழ போறப்பல்ல குத்தும்? ஒங்க அரம் எப்பக் கடிக்குது?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆயுசு முழுக்க அரம் பிடித்த இரண்டு ஃபிட்டர்கள். கைப்பிடி செருகும் வால் பக்கத்தைத்தானே பிடித்துப் பழக்கம்? மெஷினிலும் அதே வாலைக் கீழே மாட்டியிருந்தோம். அரம் நுனியை நோக்கித் தள்ளும்போதுதான் வெட்டும். அப்படியானால் எங்கள் அரம் மேலே போகும்போது வெட்டியது, தகட்டையும் தூக்கியது. தலைகீழாக மாட்டினால் கீழே இறங்கும்போது வெட்டும், தகட்டை மேசையோடு அழுத்தியும் வைக்கும். ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். கை பழகிய எங்களுக்குத்தான் தோன்றவில்லை.

நுனியைத் தேய்த்துத் தண்டில் மாட்டினோம். இப்போது வால் மேலே நீட்டிக்கொண்டு நின்றது. குனிந்தால் கண்ணைக் குத்தும். பாய் அரத்தைக் கழற்றி வைஸில் இறுக்கி, இரும்பறுக்கும் ஹாக்ஸாவை என்னிடம் நீட்டினார். அது அவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த அரம். யாரையும் தொடவிட்டதில்லை.

"வால அறுத்தா அப்புறம் கைப்பிடி போட முடியாதுங்க பாய்."

"தெரியும். நீயே அறு. கை போச்சுன்னு நீதானே சொன்ன?"

ஹாக்ஸாவோடு அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மொதலாளி அன்னைக்கே சொல்லிட்டாரு. நீ சொன்னது சரிதான், கை போனது நெசந்தான். நீங்க எல்லாரும் வேலையும் போயிருச்சுன்னு நெனச்சீக பாரு, அதான் தப்பு. ம், அறு."

அறுத்தேன். கண் மறைத்தது. கோணலாகத்தான் அறுத்தேன்.

அரத்தை மாட்டி மோட்டாரைப் போட்டார். தகடு அசையவில்லை. நடுங்கும் கையையும் சேர்த்து இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றி, நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையாகத் திருப்பித் திருப்பி ராவினார். மேசை தாங்கியது. பித்தளைத் தூள் மேசைத் துளை வழியாகக் கீழே கொட்டியது. ராபியா அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு மறுபடியும் தைக்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அவரோடு குளத்தூருக்குப் போனேன். அந்த அம்மா தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவெல்லாம் இல்லை. அச்சில் போட்டு, மாவை அடைத்து, நேராக எண்ணெயில் பிழிந்தார். வெந்ததை எடுத்து உடைத்துச் சுற்றிலும் விரலால் தடவினார். ஐந்து முள்ளும் நின்றது. "யாருங்க ராவுனது? புது ஆளா?" என்றார்.

"பழைய ஆள்தான். கை போனவன்" என்றார் பாய். முறுக்கில் பாதியை என் வாயில் திணித்தார். சூட்டில் நாக்கு பொத்துப்போனது.

அதற்குப் பிறகு ஏழு வருடம் குளத்தூருக்கு அவர்தான் தட்டு செய்தார். எங்கள் பட்டறைக்கு ஒன்றுகூடப் போகவில்லை. முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டபோது, "ரெஸ்ட்ல இருக்கேன்னு சொல்லு" என்று சொல்லியனுப்பினார்.

போன வாரம் ராபியா அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பின்கட்டில் மெஷின் ஓடும் சத்தம் வாசலிலேயே கேட்டது. குளத்தூருக்குப் பாய் ஒப்புக்கொண்ட தட்டில் நாலு பாக்கியாம். அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ராவிக்கொண்டிருந்தார். "ஊசி மெஷின் ஓட்டுறவளுக்கு இது தெரியாதாக்கும்?" என்றார். ஆணியில் தொங்கிய அந்தப் பழைய அரத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். பல்லெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. நான் அறுத்த கோணல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். பட்டறையில் என் வைஸுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலையில் என் வலது பெருவிரல் இப்போதெல்லாம் உடனே மடங்குவதில்லை. முதலாளி இரண்டு தடவை பார்த்துவிட்டார். பார்க்கட்டும். எனக்கும் கை போயிருச்சு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆமாங்க, போயிருச்சு, திருக்கோகர்ணத்துக்குப் போயிருக்கு, அங்கே ராபியா அக்கா வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கொரு தகடு எடுத்துவைக்க அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.