எனக்குப் பதிலாகப் போன நாய்

பஞ்சு நாய்க்கு ஒரு வாளித் தண்ணீரில் தீட்டுப் போய்விட்டது. எனக்குப் பதினாறு நாள் ஆகும் என்றார்கள். அந்தக் கணக்கு எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. இராஜபாளையத்தில் அப்பா பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே கழித்துப் போடும் துண்டுத் துணியைக் கேட்டு வாங்கி வருவார். அம்மா அதை நாலைந்து மடிப்பாக மடித்து, உள்ளே கழிவுப் பஞ்சைத் திணித்து எனக்கு ஒரு நாய் தைத்துக் கொடுத்திருந்தாள். எங்கள் ஊர் நாய் மாதிரியே உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். ஒரு கண் அப்பாவின் சட்டைப் பொத்தான், இன்னொன்று என் யூனிபார்ம் பொத்தான். அதனால் எப்போதும் யாரையோ சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அந்தப் பார்வை ரொம்பப் பிடிக்கும்.

அந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெளியே போவதாக ஏற்பாடு. மலையடிவாரத்தில் அப்பாவின் சிநேகிதர் குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்பில் மத்தியானம் வரை. பிறகு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். கோயில், நந்தவனம், பால்கோவா. அப்பாவை நச்சரித்து நச்சரித்து நான் வாங்கிய நாள் அது. தோப்பில் எந்த மரத்தில் ஊஞ்சல் கட்டுவது என்பது வரை முடிவு செய்து வைத்திருந்தேன். வியாழக்கிழமை நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன்.

செட்டியார்பட்டியிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, அன்று சாயங்காலமே வந்து இறங்கினாள். வீட்டுக்குப் பின்னால் முற்றத்தில் தென்னோலையில் குச்சு கட்டச் சொல்லி, என்னை உள்ளே உட்கார வைத்து, வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டாள். தனித் தட்டு, தனித் தம்ளர். பதினாறு நாளும் உலக்கையைத் தாண்டக் கூடாது. நாய் என் கையில் இருந்ததால் அதுவும் என்னோடு உள்ளே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். போகவில்லை. வீட்டுக்கே தீட்டுத்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆனால் அத்தைக்குப் பால்கோவாவின் மேல் அபார பக்தி. "தலைக்குத் தண்ணி ஊத்திட்டாப் போதும். அவளத்தான் தனியா உக்கார வச்சாச்சே" என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். அம்மா எனக்குத் துணை இருப்பாள். அப்பா, அத்தை, ஆறு வயதுத் தங்கச்சி மூவரும் போவார்கள்.

 காலையில் கிளம்பும் நேரம் தங்கச்சியைக் கூப்பிட்டு, உலக்கைக்கு மேலாக நாயை நீட்டினேன். "எனக்குப் பதிலா இது வருது. நான் போக இருந்த எடத்துக்கெல்லாம் இதக் கூட்டிட்டுப் போ. வந்து ஒண்ணுவிடாமச் சொல்லணும்."

அத்தை பார்த்துவிட்டாள். "ஏட்டி, அதத் தொடாத. துணியில தீட்டு ஒட்டிக்கிடும்."

அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. என் கையிலிருந்து நாயை வாங்கினாள். வாளியில் தலைமுழுக முக்கி எடுத்தாள். சொட்டச் சொட்டத் தங்கச்சி கையில் கொடுத்தாள். "தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு மதினி. இனி அதுவும் உங்களக் கணக்காத்தான்" என்றாள். தான் சொன்ன தீர்ப்பே திரும்பி வந்ததும் அத்தை செருப்பைத் தேடினாள்.

இனி வருவதெல்லாம் தங்கச்சி சொன்னது. பஞ்சு குடித்த தண்ணீர் லேசில் வற்றாது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் வேட்டி நனைந்து அப்பா மன்னிப்புக் கேட்டாராம். தோப்பில் நான் சொல்லி வைத்த மரத்திலேயே ஊஞ்சல் கட்டச் சொல்லி அடம்பிடித்து, முதல் ஆட்டம் நாய்க்குத்தான் என்று அதை உட்கார வைத்து ஆட்டியிருக்கிறாள். மாங்காய்ப் பிஞ்சை உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டு அதன் வாயிலும் தேய்த்தாளாம். ரோஸ் மூக்கு சிவந்துபோனது அதனால்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் வாசலில் அத்தை நின்றுவிட்டாள். "நாயெல்லாம் கோயிலுக்குள்ள கொண்டுட்டு வரப்பிடாது."

"ஆண்டாள் கையில கிளி இருக்குல்லா? எங்கையில நாய் இருக்கு" என்றாள் தங்கச்சி. அப்பா வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். அத்தை விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள்.

நந்தவனத்தில்தான் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தார்கள் என்று அப்பா சொல்ல, தங்கச்சி உடனே நாயைத் துளசிச் செடிக்கு அடியில் மண்ணில் குப்புறப் படுக்க வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாளாம், யாராவது கண்டெடுக்கட்டும் என்று. ஒருவரும் எடுக்கவில்லை. செத்த நேரம் பார்த்துவிட்டு அவளே போய் எடுத்துக்கொண்டாள். ஈர வயிற்றில் மண் அப்பிக்கொண்டது.

பொழுது சாய வீடு திரும்பினார்கள். தங்கச்சி நாயைத் தூக்கிக்கொண்டு நேரே குச்சுக்கு ஓடிவந்தாள். அத்தை பாதியில் மறித்து நாயைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நந்தவனத்து மண்ணு ஒட்டியிருக்கு. தாயார் பெறந்த மண்ணு. இதக் கொண்டுபோய் தீட்டுக்காரி கையிலயா குடுப்பாக? சாமி அலமாரியில வைங்க. பதினாறு முடியட்டும், பொறவு பாக்கலாம்."

காலையில் கோயிலுக்குப் போக முடியாத அளவுக்கு அசுத்தம். சாயங்காலம் என்னிடம் திரும்பி வர முடியாத அளவுக்குச் சுத்தம். என் நாய். நான் கட்டிப்பிடித்துத் தூங்கும் நாய். அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து உலக்கையைத் தாண்டினேன்.

முற்றத்தைக் கடந்து அத்தை முன்னால் போய் நின்றேன். "மண்ணுல கெடந்த பிள்ளையத் தூக்குனவிய தீட்டா பாத்தாவ?" என்று கேட்டேன். அவள் பின்வாங்கப் பார்த்தாள், பின்னால் சுவர். நாயை அவள் கையிலிருந்து எடுத்தேன். கை படாமல் எடுத்திருக்கலாம். பட வேண்டுமென்றே எடுத்தேன். அவள் அந்த இருட்டில் மறுபடியும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தும்மினாள். உலக்கையைத் தாண்டியவளுக்கு ஒரு நல்லதும் நடக்காது என்றாள். நிறைய நடந்தது. குச்சுக்குள் நாயின் வயிற்று மண்ணைத் தட்டாமல் வைத்துக்கொண்டு, வெளியே குந்தியிருந்த தங்கச்சியிடம் தோப்புக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தங்கச்சியின் முறை வந்தது. நான் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அத்தை தலை நரைத்து, அதே முகத்தோடு வந்து இறங்கினாள். அதே முற்றம், அதே தென்னோலை, அதே உலக்கை. தங்கச்சி உள்ளே உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

மறுநாள் காலை நாயை எடுத்து வந்தேன். குச்சுக்குள் பாயில் உட்கார வைத்து, அதன் முன்னால் தனித் தட்டையும் தனித் தம்ளரையும் வைத்தேன். தங்கச்சியைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

"தீட்டுக்கு ஒரு ஆள் உக்காரணும், அம்புட்டுத்தான அத்தை? இது உக்காரும். நாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வாரோம்."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா உலக்கையைத் தூக்கி அடுப்படி மூலையில் சாத்திவிட்டு வந்தாள். "வெயிலா இருக்கு, கொடைய எடுத்துட்டுப் போங்கட்டி" என்றாள்.

போனோம். நந்தவனத்து மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்தோம். திரும்பும்போது அத்தைக்கென்று ஒரு பால்கோவாப் பொட்டலம் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி அதைத் தன் கையாலேயே நீட்டினாள். அத்தை பொட்டலத்தைப் பார்த்தாள், அவள் கையைப் பார்த்தாள், குச்சுக்குள் சந்தேகமாக முறைத்துக்கொண்டிருந்த நாயைப் பார்த்தாள். பிறகு வாங்கிப் பிரித்துச் சாப்பிட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை.