ஏப்பம் வந்துதா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு கம்பெனி இருந்தது. அத்தை அதைக் கம்பெனி என்றுதான் சொல்வாள். மாமா, ஒரு சோடா மெஷின், ஒரு மூன்று சக்கர வண்டி, இவ்வளவுதான் அந்தக் கம்பெனி. கோலி சோடா பாட்டில்களை இரும்புக் கூண்டில் அடுக்கி மாமா கைப்பிடியைச் சுற்றுவார். எப்போதாவது ஒரு பாட்டில் வெடிக்கும் என்பதால் முகத்துக்குக் கம்பி வலை கட்டிக்கொள்வார். வலை கட்டிய முகத்தோடு பார்க்கும்போது, ஊரிலேயே பெரிய வீரர் அவர்தான் என்று எனக்குத் தோன்றும். கம்பெனியை நடத்தியது அத்தை என்பது நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம்தான் தெரிந்தது.

எங்கள் சோடா பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயிலைச் சுற்றியிருந்த பெட்டிக்கடைகளுக்குப் போகும். அந்த வருஷம் பங்குனித் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால், ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று பட்டணத்திலிருந்து வந்தது. ஆரஞ்சு கலர் என்கிற குளிர்பானத்தை விற்கிற கம்பெனிக்காரர்கள். கடைக்கு ஒரு சிவப்பு ஐஸ் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: வேறு யார் சோடாவும் அந்தக் கடையில் இருக்கக் கூடாது.

அன்றைக்கு மாமா கொண்டுபோன சரக்கில் பெரும்பாலானதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். வண்டியை விட்டு இறங்காமலே பேசினார்.

"ரெண்டே ரெண்டு கடைக்காரன்தான் எறக்கிக்கினான். நாம வெலையைக் கொறைச்சிடலாம்."

"நாம கொறைச்சா அவனும் கொறைப்பான்" என்றாள் அத்தை. "அவன் வருசம் பூரா கொறைச்சிக்கினே இருப்பான். நம்மால ஒரு மாசம் தாங்க முடியுமா?"

மாமா இறங்கி வண்டியை ஓரமாகத் தள்ளினார். அன்று மெஷின் சுற்றவில்லை. அடுத்த நாளும் சுற்றவில்லை.

இந்த நிலைமையில் நான் ஒரு துரோகம் செய்தேன். திருவிழாவுக்கு அப்பா கொடுத்த காசில் ஆரஞ்சு கலர் வாங்கிக் குடித்தேன். அப்படி ஒரு குளிர்ச்சியை என் பல் அதுவரை அறிந்ததில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை வாசலில் நின்றிருந்தாள்.

"நாக்கை நீட்டு."

நீட்டினேன். சாமந்திப்பூ நிறத்தில் இருந்திருக்க வேண்டும். அடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அத்தை என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படிடீ இருந்துது? நெசத்தைச் சொல்லு."

"ஜில்லுனு இருந்துது அத்தை. தித்திப்பா இருந்துது."

"குடிச்சப்புறம் தாகம் அடங்குச்சா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல. வூட்டுக்கு வந்து தண்ணி குடிக்கணும்னு இருந்துது."

"ஏப்பம் வந்துதா?"

"வரலை."

அத்தை எழுந்து உள்ளே போனாள். உலகத்தில் எத்தனையோ கேள்வி இருக்க, இதை எதற்குக் கேட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரம் கழிந்ததும், இஞ்சி போட்ட சோடா கொஞ்சம் கூடையில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு எங்கள் தெருவிலேயே ஒவ்வொரு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் தறி. சாப்பிட்ட கையோடு தறிக்குழியில் காலை இறக்கி, வயிற்றை மடித்து உட்கார்ந்திருக்கிற நெசவாளர்கள். முதல் வீட்டுக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டே ஒரு பாட்டிலை வாங்கிக் குடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வந்ததே ஒரு ஏப்பம்! தறி நூலே அதிர்ந்த மாதிரி இருந்தது.

"யப்பா! காலையிலேர்ந்து நெஞ்சுலயே நின்னுக்கினு இருந்துதுமா" என்றார் அவர்.

அவர் மனைவி வேறு ஒரு காரணத்துக்காகச் சந்தோஷப்பட்டாள். "சோடா குடிக்கிறேன்னு எழுந்து கடைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வருவாரு. நீங்க தெனமும் வூட்டுக்கே கொணாந்துடுங்க."

அத்தை அன்று சாயங்காலமே ஒரு முடிவு செய்தாள். இனிமேல் சோடா கடைக்குப் போகாது. தறிக்கு மட்டும்தான் போகும், அதுவும் மத்தியானம் இரண்டு மணிக்கு. விசுவாசமாக மிச்சமிருந்த அந்த இரண்டு கடைக்காரர்களையும் விட்டுவிடச் சொன்னாள். மாமா வலையைக் கழற்றித் தரையில் போட்டார்.

"இருக்கிற கடையையும் வேணாம்ன்றியே, பைத்தியமா புடிச்சிருக்குது?"

"அந்த ரெண்டு கடைக்குப் போயிட்டு வந்தீங்கன்னா ரெண்டு மணிக்குத் தறியாண்ட நிக்க முடியாது. நேரம் தவறினா அப்புறம் நாம யாரோ, அவங்க யாரோ."

தறிக்காரர்களுக்கு உதவாது என்று, எனக்குப் பிடித்த பன்னீர் சோடாவையும் நிறுத்தினாள். மாமா இரண்டு நாள் பேசவில்லை, நான் மூன்று நாள் பேசவில்லை.

ஆனால் அடுத்த மழைக்காலத்துக்குள் மூன்று தெரு எங்களுடையதாகிவிட்டது. மாமா வண்டி மணியை அடித்தால் கடிகாரம் பார்க்க வேண்டாம் என்றார்கள். யாருக்கு உப்பு, யாருக்கு எலுமிச்சை என்று எதையும் எழுதி வைக்காமல் அத்தை சொல்லி அனுப்புவாள். தறியில் பாவு நூல் பிணைக்க ஆள் வேண்டும் என்று ஒரு வீட்டில் சொன்னால் அந்தச் சேதியும் சோடா வண்டியிலேயே போகும். எனக்கு அத்தையைப் பார்க்கவே பயமும் ஆச்சரியமுமாக இருந்தது. வேனும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறவர்களை இவள் ஒரு ஏப்பத்தை வைத்தல்லவா தடுத்து நிறுத்திவிட்டாள்!

அடுத்த கோடையில் பட்டணத்துக் கம்பெனியின் சூப்பர்வைசர் வீடு தேடி வந்தார். சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டிருந்தார். "எங்க ஏஜென்சியை நீங்களே எடுத்துக்குங்கம்மா" என்றார். அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவருக்குக் குடிக்க சோடா எடுக்க உள்ளே போனாள். அந்தச் சமயம் பார்த்து அவர் பையிலிருந்து ஒரு ஆரஞ்சு கலர் பாட்டிலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"பாப்பா, உங்க அத்தை அந்த இஞ்சி சோடாவில என்னென்ன போடறாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். இஞ்சியைத் தோலோடு இடிப்பது, ஒரு ராத்திரி ஊறப்போடுவது, எந்த உப்பு, எவ்வளவு சர்க்கரை, எதையும் விடவில்லை. அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் அவர்களுடைய இஞ்சி சோடா, ஐஸில் வைத்தது, எங்கள் தெருவுக்குள் வந்தது. தாங்க முடியாமல் அத்தையிடம் போய் அழுதேன்.

"நான்தான் சொல்லிட்டேன் அத்தை."

பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "தோலோட இடிக்கணும்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"உப்பு?"

"அதுவும் சொன்னேன்."

"அப்போ சரியாத்தான் சொல்லியிருக்கே" என்று மறுபடி பாட்டில் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

அவர்கள் ஆள் ஒரு நாள் பதினொரு மணிக்கு வந்தான், ஒரு நாள் நாலு மணிக்கு வந்தான், ஒரு நாள் வரவே இல்லை. நெசவாளர்கள் வாங்கிக் குடித்தார்கள், நல்லாத்தான் இருக்குது என்றார்கள், மாமாவின் மணி கேட்டதும் எங்கள் பாட்டிலுக்குக் கை நீட்டினார்கள். மழைக்கு முன்பே அந்த ஆள் வருவது நின்றுபோனது.

எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. அத்தை என்னிடமும் மறைத்து ஏதோ ஒன்றைச் சோடாவில் போடுகிறாள். இல்லாவிட்டால் அத்தனையும் தெரிந்த கம்பெனியால் ஏன் முடியவில்லை? ஒரு மத்தியானம் அவள் வாசலில் இருந்தபோது சமையலறைக்குள் புகுந்து, பலகை போட்டு ஏறி, பரணில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தேன். சர்க்கரை, உப்பு, சுக்கு, மறுபடி உப்பு.

வாசலில் அத்தை மாமாவுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். "மூணாவது வூட்டுக்காரருக்கு இன்னிலேர்ந்து உப்பு வேணாம், டாக்டர் கூடாதுன்னுட்டாராம். கோடி வூட்ல கொழந்தை தூங்கும், அங்க மணி அடிக்காதீங்க. எதிர் வூட்ல பாவு ஏத்திக்கினு இருக்காங்க, கை ஒழியறவரைக்கும் நின்னு குடுத்துட்டு வாங்க..."

அந்தப் பேச்சு என் தேடலுக்குத் தொந்தரவாக இருந்தது. இறங்கிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அடுத்த டப்பாவைத் திறந்தேன்.