கோடித் துணியும் கூறைநாட்டுப் புடவையும்

ஆனி மாதத்தில் போர்வைக்குள் உறங்குகிறார்கள் என்றால் தஞ்சாவூரிலிருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். அங்கே நாம் விசிறியைத் தேடும் அந்த நாட்களில், இங்கே பூதப்பாண்டியில் மலையிலிருந்து மழை இறங்கி வருகிறது. எங்கள் சபையார் வீடுகளில் ஒட்டுத்துணிப் போர்வைகளும் பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. நான் புதிதாக வந்தபோது இதைவிட விசித்திரமாக இருந்தது எனக்கு அவர்கள் சூட்டிய பெயர். ஆரல்வாய்மொழி எல்லைச் சாவடிக்குக் கிழக்கேயிருந்து வருகிற எவளும் இவர்களுக்குப் பாண்டிக்காரி, அதாவது பாண்டிய நாட்டவள். நான் சோழநாட்டுக்காரி என்பதை அடுத்த வீட்டு எஸ்தரக்காவிடம் சரித்திர ஆதாரங்களோடு நிறுவினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள், “சரி மக்கா, பாண்டியில எந்த ஊரு?” என்றாள்.

என் கணவருக்குப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் வேலை. எனக்கோ பகல் முழுவதும் புத்தகமும் தனிமையும். இரக்கப்பட்டு எஸ்தரக்காதான் என்னைச் சபைப் பெண்களின் தையல் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். என்னையும் சேர்த்து எட்டுப் பேர். ஒவ்வொருத்தியும் முழ அகலத்தில் சதுரங்கள் தைத்துவந்து ஆளுக்கொன்று கொடுப்பாள். தனக்கும் ஒன்று வைத்துக்கொள்வாள். ஆண்டு முழுவதும் இப்படி மாற்றிக்கொண்டால் ஆளுக்கொரு போர்வை சேரும். பழந்துணியைப் பிறருக்குக் கொடுப்பது மரியாதையன்று என்று வளர்க்கப்பட்டவள் நான். ஆகவே வடசேரியில் புது வெள்ளை மல்துணி வாங்கி, மூலைக்கு மூலை லில்லிப்பூப் பின்னி, பாராட்டைப் பணிவோடு ஏற்றுக்கொள்ளும் முகத்தையும் தயாரித்துக்கொண்டு போனேன்.

எஸ்தரக்கா துணியைத் திருப்பிப் பார்த்தாள். “ஏட்டி, இது கோடியில்லா! ஆரைப் பொதியப் போற?”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. இறந்தவர்மேல் கோடி போர்த்துவது தஞ்சாவூரிலும் உண்டுதான். என் ஆங்கிலத் தையற்புத்தகத்தில் அது இல்லை. புத்தகத்தில் இல்லாததை நான் எளிதில் மறந்துவிடுவேன்.

“உடுத்துப் பழகின துணி கொண்டா மக்கா. ஆருக்க துணின்னு சொல்லித் தரணும். அதுக்குத்தானே கூடுறோம்” என்றாள் எஸ்தரக்கா. அருகிலிருந்த ஞானம்மா தன் சதுரத்தை என் மடியில் வைத்தாள். “எனக்க மாமியாருக்க முண்டு. இதை உடுத்திக்கிட்டு என்னை ஏசாத நாளில்லை. நீ மூடிக்கிட்டு உறங்கு, உன்னையும் ஏசட்டு.”

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கல்யாணத்துக்கு எடுத்த சேலைகள் இன்னும் கஞ்சி விறைப்போடு இருந்தன. உடுத்துப் பழகியது ஒன்றே ஒன்று: காலமாகிவிட்ட என் அம்மாவின் அரக்குநிறக் கூறைநாட்டுப் புடவை. அவளுடையதென்று வேறெதுவும் என்னிடம் இல்லை. அதை வெட்டாவிட்டால் அம்மா முழுதாக என்னோடு இருப்பாள். நான் கூட்டத்துக்கு விருந்தாளியாகவே இருந்துவிடுவேன். கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக அந்த வாரம் கழிந்தது. கடைசியில் வெட்டினேன். லில்லிப்பூப் பின்னிய கைகள் கோணலாகத்தான் வெட்டின.

அடுத்த கூட்டத்தில், “எங்கம்மாவோடது” என்று சதுரங்களை நீட்டினேன். கோணலை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

“பேரென்ன மக்கா?” என்று எஸ்தரக்கா கேட்டாள்.

“ரத்தினம்மாள்.”

“ரெத்தினம்மை எனக்க வீட்டுக்கு வரட்டு” என்று முதல் சதுரத்தை அவள் வாங்கிக்கொண்டாள். மற்றவர்களும் அந்தப் பெயரை ஆளுக்கொருமுறை சொல்லியே வாங்கினார்கள்.

சென்ற கோடையில் தஞ்சாவூருக்குப் போயிருந்தேன். “அம்மா புடவையைக் கொண்டுவந்தியா? பிள்ளைங்க பார்க்கணும்கிறாங்க” என்றாள் அண்ணி. முந்தானை எஸ்தரக்கா கட்டிலில் இருக்கிறது, ஒரு துண்டு ஞானம்மா மகளோடு தோவாளைக்குப் போய்விட்டது என்று நான் வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினேன். என் பேச்சின் இழுவையைக் கேட்டு அண்ணன் பிள்ளைகள், “மலையாளத்து அத்தை” என்று சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை, “ஊராருக்கா கொடுத்தே?” என்றாள். அதற்குப் பதில் சொல்ல, ஊரார் யார் என்பது முதலில் எனக்குத் தெரிய வேண்டுமே. அம்மா சாவடிக்கு மேற்கே எட்டு வீடுகளில் குடியேறிவிட்டாள். அவள் வாழ்ந்து முடித்த கூடத்தில் உட்கார்ந்து, பூதப்பாண்டிக்குத் திரும்ப, திருநெல்வேலிக்கு ரயில் எத்தனை மணிக்கென்று நான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.